மண்ணைத் தாங்கும் சுவர் : மட்டாஞ்சேரிக் கரை முதல் திருக்காக்கரைக் குன்று வரை

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு மேடு பள்ளம் என்றால் என்னவென்றே தெரியாது. வாசலில் ஒரு பந்தை வைத்தால் அது வைத்த இடத்திலேயே கிடக்கும். எங்களுக்குத் தெரிந்த ஏற்றம் 'வேலியேற்றம்', எங்களுக்குத் தெரிந்த இறக்கம் 'வேலியிறக்கம்'. அதாவது கடலோதம் காயலுக்குள் ஏறுவதும் வடிவதும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஜார் ரோட்டு மிளகுக் கிட்டங்கி ஒன்றுக்குக் கணக்கெழுத வந்த என் தாத்தா, "இந்த ஊர்ல மண்ணு ஓடாது, தண்ணிதான் ஓடும்" என்று சொல்வாராம்.

அந்த வம்சத்தில் வந்த நான், பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு, கொச்சித் தமிழர் பலரையும் போலக் கிழக்கே நகர்ந்து, திருக்காக்கரைக் குன்றின் சரிவில் ஏழு சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டினேன். அப்போதுதான் மண்ணும் ஓடும் என்று தெரிந்துகொண்டேன். சரிந்த முற்றத்தைச் சமன் செய்து, அது கீழ்வீட்டில் போய் விழாமல் இருக்க ஒரு சுவரும் கட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சுவர் எனக்குக் கற்பித்த பாடத்தையும், அதைத் தொடர்ந்து நான் படித்தும் கேட்டும் அறிந்த வரலாற்றையும் இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரிலேயே பொருள்

பொறியாளர்கள் இதை 'ரீட்டெய்னிங் வால்' என்கிறார்கள். மலையாள நாளிதழ்களில் 'சம்ரக்ஷண பித்தி' என்று வரும். தமிழில் 'தடுப்புச் சுவர்' என்றும் 'தாங்கு சுவர்' என்றும் இரு வழக்குகள் உள்ளன. தடுப்பதும் தாங்குவதும் ஒன்றுதானே என்று தோன்றலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நம் முன்னோர் இதற்கு வைத்த பழம்பெயர் 'சிறை'. நீரை நிறுத்தி வைக்கும் அணைக்கும் கரைக்கும் அப்பெயர் வழங்கியது. தொல்காப்பியப் புறத்திணையியல், விரைந்து வரும் படையைத் தனியொருவனாக நின்று எதிர்கொள்ளும் வீரனுக்குக் 'கற்சிறை'யை உவமை காட்டுகிறது. அங்கே அவன் செய்யும் செயலைக் குறிக்கத் தொல்காப்பியர் ஆளும் வினை 'தாங்குதல்' என்பது கருதத்தக்கது. அதே 'சிறை'தான் மலையாளத்தில் 'சிற' என்று இன்றும் வழங்குகிறது. குளக்கரைக்கும் வயல்வரம்பை அடுத்த நீர்நிலைக்கும் அப்பெயர் உண்டு. சேரநாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றில் அது ஒட்டிக்கொண்டிருப்பதைப் பேருந்துப் பலகைகளிலேயே காணலாம்.

நாம் தினமும் பார்த்தும் கவனிக்காத தாங்கு சுவர் ஒன்று ஒவ்வொரு தமிழூரிலும் இருக்கிறது. அது கோயில் திருக்குளத்தின் படித்துறை. குளிக்க இறங்குவதற்கான படி என்றே அதை எண்ணுகிறோம். சுற்றியுள்ள மண் குளத்துக்குள் சரியாமல் தாங்குவதும் அந்தப் படிவரிசைதான். ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிடச் சற்றுப் பின்வாங்கி அமைந்திருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மழைநீரும் ஊற்றுநீரும் கசிந்து குளத்தில் சேரும். மண்ணைத் தாங்கி நீரை விட்டுவிடும் இந்த நுட்பம் பின்னால் நமக்குத் தேவைப்படும். நினைவில் வைத்துக்கொள்க.

தென்னந்தடிக் கோட்டை

இனி மட்டாஞ்சேரிப் பக்கம் வருவோம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியில் புதிய கடல்வாயைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரும் கொள்ளும் கருத்து. ஆற்று வண்டலும் கடல் மணலும் சேர்ந்த நிலம் இது. கல்லுக்குக் கிழக்கே போக வேண்டும்.

1503இல் போர்ச்சுகீசியர் கொச்சியில் தம் முதல் கோட்டையைக் கட்ட முனைந்தபோது கல்லுக்குக் காத்திருக்க நேரமில்லை. தென்னந்தடிகளை இரண்டு வரிசையாக நட்டு, அவற்றை இறுகப் பிணைத்து, நடுவில் மண்ணை இட்டு இடித்து இறுக்கினார்கள். வெளியே ஓர் அகழி. 'இம்மானுவேல் கோட்டை'யின் முதல் வடிவம் இதுவே. கல் வேலை பின்னால் வந்தது. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் அக்கோட்டையைத் தகர்த்தனர். இன்று கடற்கரையில் அதன் சிதைவுகள் சிலவே எஞ்சியுள்ளன.

மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளுக்கு முகம் இரண்டு. முன்முகம் பஜார் ரோட்டைப் பார்க்கும். பின்முகம் காயலைப் பார்க்கும். வள்ளங்கள் நேரே பின்புறத்துக்கு வந்து மிளகும் சுக்கும் அரிசியும் ஏற்றி இறக்கின. அந்தப் பின்புறக் கரைச்சுவர்தான் கிட்டங்கியையும் அது நிற்கும் மண்ணையும் ஒருசேரத் தாங்கியது. சிறுவனாக அப்பாவோடு அங்கே போகும்போது, ஓதம் வடிந்த வேளையில் சுவரின் கல்லிடுக்குகளிலிருந்து தண்ணீர் நூல் நூலாக ஒழுகுவதைப் பார்த்திருக்கிறேன். "செவுரு பொத்தலா இருக்கேப்பா" என்று கேட்டதற்கு, "அது பொத்தல் இல்லடா, ஏறுன தண்ணி இறங்க வேண்டாமா?" என்றார் அப்பா. அவர் பொறியாளர் அல்லர், கணக்கர். ஆனாலும் அன்று அவர் சொன்னது சரியான பொறியியல்.

பிரிஸ்டோவின் மண்

கொச்சித் துறைமுகத்தின் நவீன வரலாறு ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளரோடு தொடங்குகிறது. 1920இல் இங்கு வந்த அவருக்கு முன்னால் இரண்டு கேள்விகள் நின்றன. கடல்வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டினால் வைப்பின் கரை அரித்துப் போகுமா? வெட்டிய மண்ணை எங்கே போடுவது? முதல் கேள்விக்குக் கருங்கல் பாறைகளை அணைவரிசைகளாக அடுக்கி விடை கண்டார். அலையே மணலைக் கொண்டுவந்து அவற்றுக்கிடையே சேர்த்து, கரை தானாக வளரத் தொடங்கியது. இரண்டாம் கேள்விக்கு விடை வெலிங்டன் தீவு. 'லார்ட் வெலிங்டன்' என்ற தூர்வாரிக் கப்பல் அள்ளிய மண்ணைக் கொண்டு, பழைய வெண்டுருத்தித் தீவை ஒட்டி ஏறத்தாழ 780 ஏக்கர் நிலம் காயலிலிருந்து எழுப்பப்பட்டது. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது.

நாம் கப்பலையும் பாலத்தையும் பற்றிப் பேசுகிறோம். அத்தனை ஏக்கர் மண்ணும் மீண்டும் காயலுக்குள் கரைந்து போகாமல் சுற்றிலும் நிற்கும் கரைக்கட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தத் தீவின் வாத்துருத்தியில்தான், தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வளைகுடாப் பணம் வந்து கேரளமெங்கும் வீடுகள் எழுந்த 1970களுக்குப் பிறகு, மண் வெட்டவும் கல் சுமக்கவும் வந்தவர்களில் முன்னோடிகள் நம்மவர்கள். பின்னர் வங்காளமும் அசாமும் ஒடிசாவும் வந்தன. கொச்சியின் கிழக்குக் குன்றுகளில் நிற்கும் பழைய கருங்கல் சுவர்களில் தமிழர் கை படாதவை குறைவாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

குட்டநாட்டு வரம்பு

கொச்சிக்குத் தெற்கே, கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் குட்டநாட்டைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. வேம்பநாட்டுக் காயலின் நடுவே வரம்பு கட்டி, உள்ளிருக்கும் நீரை இறைத்து வயலாக்கினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுப் பஞ்சத்தில், 1940களில், முரிக்கன் என்று அறியப்பட்ட ஜோசப் முரிக்கன் உருவாக்கிய சித்திரா, மார்த்தாண்டம், ராணி ஆகிய காயல்நிலங்கள் புகழ்பெற்றவை.

அந்த வரம்பை எப்படிக் கட்டினார்கள்? தென்னந்தடிகளை இரண்டு வரிசையாகக் காயலின் அடிமண்ணில் இறக்கினார்கள். மூங்கில் தட்டிகளை அவற்றோடு சேர்த்துக் கட்டினார்கள். நடுவில் மணலும் குழையும், காயலடியிலிருந்து மூழ்கி எடுத்த களிமண்ணும் அடுக்கடுக்காக இட்டு மிதித்து இறுக்கினார்கள். 1503ஆம் ஆண்டுக் கொச்சிக் கோட்டையும் ஏறக்குறைய இப்படித்தான் எழுந்தது! அந்நியரின் பீரங்கிக் கோட்டைக்கும் உழவனின் நெல்வரம்புக்கும் அடிப்படை ஒன்றே. இரண்டு வரித் தென்னந்தடி, நடுவே இறுகிய மண். இந்நாட்டு உழைப்பாளியின் கைமுறையைத்தான் போர்ச்சுகீசியரும் பயன்படுத்திக்கொண்டார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. சான்று காட்ட இயலாததால் இதை என் ஊகமாகவே வைக்கிறேன்.

செங்கல்லும் செம்மண்ணும்

கொச்சிச் சமவெளியை விட்டு எட்டு பத்து கிலோமீட்டர் கிழக்கே போனால் நிலம் சிவந்து மேடாகிறது. இது வெட்டுக்கல் நாடு. நம்மூரில் செம்பாறாங்கல் என்போம். நிலத்தடியில் இருக்கும்போது கோடரியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு மெத்தென்றிருக்கும். காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிவிடும். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து அலுவலர் மலப்புறம் பகுதியிலுள்ள அங்ஙாடிப்புறத்தில் இதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். 1807இல் வெளிவந்த அவருடைய பயணநூல் வழியாக அப்பெயர் உலகெங்கும் பரவியது.

கொச்சி அரசர்கள் மட்டாஞ்சேரி அரண்மனையின் ஈரக்கரையை விட்டுத் திருப்பூணித்துறைப் பக்கம் பெயர்ந்து, 1865இல் ஒரு குன்றின் மேல் மலை அரண்மனையைக் கட்டினார்கள். இன்று அது அருங்காட்சியகம். வாயிலில் நுழைந்ததும் படிப்படியாக உயரும் தோட்டத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். புகைப்படமும் எடுத்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது பூவைப் பார்த்தபின் ஒவ்வொரு தட்டின் விளிம்பையும் பாருங்கள். ஒரு பெரிய உயரத்தை ஒரே சுவரால் தாங்காமல் பல சிறு தட்டுகளாகப் பிரித்திருப்பது புரியும்.

ஏழையின் முறையும் அதுவே. மலையோர உழவர் சரிவுக்குக் குறுக்கே கல்லை அடுக்கி அமைக்கும் சிறுகரையைக் கேரளத்தில் 'கய்யால' என்பர். நம் குமரி மாவட்டத்திலும் 'கையாலை' என்ற சொல் உண்டு. சாந்து கிடையாது. கல்மேல் கல். நீர் வடியும், மண் தங்கும். மரவள்ளியும் மிளகுக்கொடியும் அந்த மண்ணில்தான் விளைகின்றன.

மண் தள்ளும் கணக்கு

சுவருக்குப் பின்னாலுள்ள மண் எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட முயன்றவர்கள் முதலில் கோட்டை கட்டிய படைப்பொறியாளர்களே. பிரான்சின் வொபான் 17ஆம் நூற்றாண்டிலேயே சுவர்ப் பருமனுக்கு விதிகள் வகுத்தார். மார்ட்டினிக் தீவில் பல ஆண்டுகள் கோட்டை கட்டிய கூலோம், ஊர் திரும்பி 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அளித்த கட்டுரையில் இதற்கு முறையான கணிதம் தந்தார். மின்னியலில் நாம் படித்த அதே கூலோம்தான். 1857இல் ஸ்காட்லாந்தின் ராங்கின் அதை எளிமையாக்கினார்.

அவர்கள் கண்டதைச் சாதாரண மொழியில் இப்படிச் சொல்லலாம். மண்ணின் தள்ளல் ஆழம் போகப்போகக் கூடும். ஆகவே சுவரின் உயரத்தை இரட்டித்தால் மொத்தத் தள்ளல் நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கும் விசை எட்டு மடங்காகும். மூன்றடிச் சுவரை வெற்றிகரமாகக் கட்டிய கொத்தனார் அதே துணிச்சலில் ஆறடி கட்டினால் வரும் ஆபத்து இதுதான். எடையால் மட்டுமே நிற்கும் கருங்கல் சுவருக்கு, அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருப்பது வழக்கம்.

இரண்டாவது உண்மை இதைவிட முக்கியம். உலர்ந்த மணற்பாங்கான மண் தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத்தான் பக்கவாட்டில் காட்டும். தண்ணீர் தன் எடை முழுவதையும் காட்டும். சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி நிறைந்துவிட்டால் மொத்தத் தள்ளல் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். கேரளத்துச் சுவர்கள் மழைக்காலத்தில் விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. சுவரைத் தள்ளுவது மண் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தள்ளுவது தண்ணீர்.

என் சுவரின் கதை

இனி என் வெட்கத்தைச் சொல்கிறேன். என் முற்றத்துக்கு ஆறடி உயரத்தில் கருங்கல் சுவர் கட்டியவர் தென்காசிப் பக்கத்துக் கொத்தனார். இளவயதில் கொச்சிக்கு வந்தவர். சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக மூன்றங்குலக் குழாய்களைப் பதித்து, பின்னால் ஜல்லி நிரப்பினார். "இந்தக் குழாயை மட்டும் தொட்டுராதிய அண்ணாச்சி. தண்ணிக்கு நாம வழி விடணும். விடலேன்னா அது தானா வழி பண்ணிக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை வந்தது. குழாய்களிலிருந்து செந்நீர் வழிந்து கீழ்வீட்டு முற்றத்தில் விழுந்தது. கீழ்வீட்டுச் சேச்சி நல்லவர். "சேட்டா, துணி தோய்க்கிற இடமெல்லாம் சேறாகுது" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். ஒரு சிறு வாய்க்கால் வெட்டி நீரை ஓடைக்குத் திருப்பியிருக்க வேண்டும். அதற்குச் செலவாகும். நானோ கணக்கர் வீட்டுப் பிள்ளை. கொஞ்சம் சிமெண்ட் குழைத்து ஒவ்வொரு குழாயாக அடைத்துவிட்டேன். சேச்சி மகிழ்ந்தார். நானும் அயலாரோடு நல்லுறவைக் காத்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன். சில ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை.

2018 ஆகஸ்டு மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கேரளம் முழுவதும் வெள்ளத்தில் தத்தளித்த அந்த நாட்களில் ஒருநாள் விடியற்காலை, லாரி ஒன்று கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் முற்றத்தில் பாதியைக் காணோம். இருபதடி நீளச் சுவர் அப்படியே சேச்சியின் முற்றத்தில் கிடந்தது. துவைகல் இருந்த இடம் தெரியவில்லை. தினமும் அந்த நேரத்தில் சேச்சி அங்கேதான் நிற்பார். அன்று மழை விடாததால் வரவில்லை. அவ்வளவுதான். என் புத்தியால் தப்பியது ஒன்றுமில்லை.

செய்தி அனுப்பியதும் கொத்தனார் வந்தார். வயதாகியிருந்தது. விழுந்து கிடந்த ஒரு குழாயைக் கையில் எடுத்து, அதிலிருந்த சிமெண்ட் அடைப்பை விரலால் தட்டினார். "கல்லுல தப்பில்ல, கட்டுலயும் தப்பில்ல. மூச்சை அடைச்சிட்டியளே அண்ணாச்சி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அப்பா காட்டிய மட்டாஞ்சேரிக் கரைச்சுவரின் பொத்தல்கள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தன.

புதிய சுவர் ஒன்றாக இல்லை, இரண்டாக நிற்கிறது. மூன்றடி, மூன்றடி. நடுவில் நான்கடித் தட்டில் கறிவேப்பிலையும் செம்பருத்தியும். குழாய்கள் திறந்திருக்கின்றன. கீழே ஒரு வாய்க்கால் நீரை ஓடைக்குக் கொண்டுபோகிறது. துவைகல்லையும் நானே வாங்கிப் போட்டேன்.

சுவரால் ஆகாதது

இத்துடன் முடித்தால் சுவர் ஒழுங்காக இருந்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிடும். 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை இறங்கியது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் மாண்டனர். கிட்டத்தட்ட அனைவரும் தமிழர். பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதி. மேலே எங்கோ உடைந்து பாறையும் சேறுமாக வரும் மலைக்கு முன்னால் வீட்டு முற்றச் சுவர் காகிதத்துக்குச் சமம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்ததும் இதுவே.

நான் என் ஏழு சென்டைத் தேர்ந்தெடுத்தேன், சுவரைத் தேர்ந்தெடுத்தேன், தவற்றையும் நானே தேர்ந்தெடுத்தேன். லயத்தில் இருந்தவர்களுக்கு அது எந்த ஓடையருகே, எந்தச் சரிவின் கீழே நிற்கும் என்பதில் சொல்வதற்கு வாயில்லை. அடுத்தவர் முற்றத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சுவர் கட்டியும் கல் சுமந்தும் வந்த ஒரு சமூகத்தின் சொந்த வீடு எங்கே நிற்க வேண்டும் என்பதை, நம்மைப் போன்ற சங்கங்களாவது கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

சரிவில் வீடு கட்டப்போகும் அன்பர்களுக்குச் சில சொற்கள். உயரமான ஒரு சுவரைவிடத் தாழ்வான இரண்டு சுவர்கள் நல்லவை. வெட்டுக்கல்லுக்குக் கீழே வெளிறிய வழுக்கு மண் தெரிந்தால் வெட்டுவதை நிறுத்தி, அறிந்த பொறியாளரைக் கேளுங்கள். கூரைத் தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் விடாதீர்கள். சுவர் வயிறு தள்ளினாலோ, விரிசல் கண்டாலோ, மழையில் குழாய் திடீரென்று வறண்டாலோ, சுவருக்குக் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். கொத்தனார் சொல்வதைக் காதில் வாங்குங்கள்.

தடுப்புச் சுவர், தாங்கு சுவர் என்ற இரண்டு பெயர்களில் எது சரி என்று யாரேனும் என்னைக் கேட்டால் இப்போது தயங்காமல் சொல்வேன். தண்ணீரையும் சேர்த்துத் தடுக்கப் பார்த்த என் சுவர் விழுந்தது. மண்ணை மட்டும் தாங்கும் சுவர் நிற்கிறது. ஒவ்வோர் இடவப்பாதி மழையிலும் முதல் வேலையாகக் குடையோடு கீழே இறங்கி, எல்லாக் குழாய்களிலும் நீர் வருகிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன். சேச்சியும் அந்தப் பக்கம் நின்று எண்ணுகிறார்.